வகுப்பில் மல்டிமீடியாவோடு மல்லுக்கட்டாமல் பாடம் நடத்துவது எப்படி?

வந்த கேள்வி இது: மட்டக்களப்புப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு மாதம். 120 பிள்ளைகள் கொள்ளும் மண்டபம். ஒவ்வொரு விரிவுரையிலும் முதல் கால் மணித்தியாலம் மல்டிமீடியாவைக் கொழுவுவதிலேயே போகிறது. சத்தம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. பின்னால் இருப்பவர்கள் எழுத்துத் தெரியவில்லை என்கிறார்கள். "எனக்குத்தான் இது சரிவரவில்லையா, இல்லை சாமான் பிழையா? சொந்தமாக ஒரு சின்னப் புரொஜெக்டர் வாங்கினால் தீருமா அண்ணா?"

நீங்களும் பிழையில்லை, பெரும்பாலும் சாமானும் பிழையில்லை, தங்கச்சி. வந்தாறுமூலையிலிருந்து ஒலுவில் வரைக்கும் விரிவுரை மண்டபங்களில் வயர் இழுத்தும் மல்டிமீடியா தூக்கிக் கட்டியும் திரிகிறவன் நான். "மல்டிமீடியா வேலை செய்யவில்லை" என்று அழைப்பு வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், அது உண்மையிலேயே பழுதாகிக் கிடந்த நாட்கள் கொஞ்சம்தான். மற்ற நாட்களில் எல்லாம் அவசரம்தான் பழுது. இன்னொன்றும் உண்டு. விரிவுரையாளர் மண்டபத்தை எப்போதும் முன்னுக்கு நின்றே பார்க்கிறார். பிள்ளை பார்ப்பது கடைசி வாங்கிலிருந்து. நீங்கள் கேட்டதில் பாதிக்கு மேல் அந்த வாங்கில் ஐந்து நிமிடம் போய் இருந்தால் தானாகவே விளங்கும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். எங்கள் பக்கம் மல்டிமீடியா என்றால் புரொஜெக்டர்தான். பொருட்பதிவேட்டில் பல்லூடக எறியி என்று இருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லிச் சாவி கேட்டால் அலுவலகத்தில் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

சாவி என்று சொன்னது பகிடிக்கு இல்லை. மண்டபத்துச் சாவி யாரிடம், ரிமோட் எந்த லாச்சியில், காலை 8 மணி வகுப்பென்றால் அதைத் தருபவர் எத்தனை மணிக்கு வருவார்? இந்த மூன்றும் தெரியாமல் மற்றது எதைக் கற்றும் பலனில்லை. வகுப்புக்கு முதல் நாள் பின்னேரம், மண்டபம் காலியான பிறகு, நாளைக்குக் கொண்டுவரப் போகும் அதே லேப்டொப்பைக் கொண்டுபோய் ஒருமுறை கொழுவிப் பாருங்கள். வேறொருவருடைய லேப்டொப்பில் வேலை செய்தது உங்களுடையதில் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இனி அந்தக் கால் மணித்தியாலம் எங்கே போகிறது என்று பார்ப்போம். நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். விரிவுரையாளர் ரிமோட்டை நீட்டி பவர் பொத்தானை அழுத்துகிறார். விளக்கு வைத்த பழைய வகை மல்டிமீடியா முழு வெளிச்சத்துக்கு வர அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுக்கும். பத்துச் செக்கனில் படம் வரவில்லை என்றதும் அவர் மறுபடி அழுத்துகிறார். அது "நிறுத்தவா?" என்று திரையில் கேட்கிறது, பதற்றத்தில் இன்னொரு முறை அழுத்துகிறார். நின்றுவிட்டது. இனி உள்ளே இருக்கும் விசிறி விளக்கைக் குளிர்த்தி முடிக்கும்வரை அது யார் சொன்னாலும் கேட்காது. சிவப்பு வெளிச்சம் மின்னுகிறது. "பழுதாகிவிட்டது" என்கிறார். முன் வாங்குப் பொடியன் ஒருவன் எழும்பி வந்து பிளக்கைக் கழற்றிக் கொழுவுகிறான். இப்போது குளிர்த்துவதும் பாதியில் நின்றுபோச்சு. மறுகா என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்து செய்வதெல்லாம் ஒன்றுமே செய்யாமல் இரண்டு நிமிடம் நிற்பதுதான். பிறகு ஒருமுறை அழுத்துவேன், எரியும். ஆட்கள் என் கையில் ஏதோ ராசி இருப்பதாக நினைக்கிறார்கள்.

அந்தப் பிளக் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். விளக்கு வகை மல்டிமீடியாவின் குமிழுக்குள் பாதரசம் இருக்கிறது. எரியும்போது அது ஆவியாகி, உள்ளே அழுத்தம் 200 வளிமண்டலத்தைத் தாண்டும். அவ்வளவு சூட்டில் இருப்பதைத் திடீரென்று நிறுத்தி, விசிறியும் இல்லாமல் விட்டால் விளக்கின் ஆயுள் குறையும். வழமையாக 3000 முதல் 5000 மணித்தியாலம் எரிய வேண்டிய விளக்கு அதற்கு முன்பே மங்கும், சிலவேளை வெடிக்கும். வெடித்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னல்களைத் திறந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வகுப்பு முடிந்ததும் ரிமோட்டால் நிறுத்தி, விசிறிச் சத்தம் அடங்கிய பிறகு சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்துங்கள். லேசர் வகை என்றால் இந்தக் கரைச்சல் மிகக் குறைவு, 20,000 மணித்தியாலம் அளவுக்கு ஓடும். உங்கள் மண்டபத்தில் எது என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் ஒரு சின்ன வித்தை. கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கமராவில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னும். மின்னவில்லை என்றால் பற்றரி செத்துப்போச்சு, அல்லது பற்றரியை யாரோ சுவர் மணிக்கூட்டுக்கு எடுத்துவிட்டார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

வெளிச்சம் வந்துவிட்டது, படம் இல்லை என்றால்? கேபிளைக் கொழுவி, விண்டோஸ் விசையை அழுத்தியபடி பி (P) விசையைத் தட்டுங்கள். நான்கு தெரிவுகள் வரும். இரண்டு திரையிலும் ஒரே படம் வரும் இரண்டாவது தெரிவுதான் தொடக்கத்தில் நல்லது. குறிப்புகளை நீங்கள் மட்டும் பார்க்கும் முறைக்கு மூன்றாவது வேண்டும். அதைப் பழகின பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் வரவில்லை என்றால், மல்டிமீடியா வேறு வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் என்ற பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய வாசலுக்கு மாற்றுங்கள்.

பழைய மண்டபங்களில் இன்னும் நீலத் தலை வைத்த விஜிஏ கேபிள்தான். 1987 இல் வந்த சாமான், இன்றும் சுவரில் தொங்குகிறது. படம் முழுக்க ரோசா நிறத்தில் வந்தால் மல்டிமீடியாவைத் திட்டாதீர்கள். பச்சைக்குரிய ஊசி கழன்றோ வளைந்தோ இருக்கிறது. நீலம் போனால் படம் மஞ்சளாகும், சிவப்புப் போனால் பச்சை கலந்த நீலமாகும். தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி. நடு வரிசையில் ஒரு ஊசி இல்லாமல் இருந்தால் பயப்படத் தேவையில்லை, பல கேபிள்களில் அந்த ஒன்பதாவது ஊசியைச் செய்யும்போதே விட்டுவிடுவார்கள். வளைந்ததை ஒரு காலிப் பேனாக் குழாயால் மெல்ல நிமிர்த்தலாம். திருகாணி இரண்டையும் முறுக்கிவிட்டால் பிறகு அசையாது. அதைத்தான் ஒருவரும் செய்வதில்லை.

புது லேப்டொப்பில் விஜிஏ வாசலே இருக்காது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் ஒரு குட்டி மாற்றி வேண்டும். கடையில் வாங்கும்போது திசையைச் சொல்லி வாங்குங்கள். அது ஒரு பக்கத்துக்குத்தான் வேலை செய்யும், திருப்பிப் போட்டால் மரக்கட்டை. ரைப்-சி வாசல் மட்டும் உள்ள லேப்டொப் என்றால் இன்னொரு சிக்கல்: எல்லா ரைப்-சி வாசலும் படம் அனுப்பாது. சில வாசல்கள் சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். அதற்குரிய மாற்றியை வாங்கும் முதல் உங்கள் லேப்டொப்பிலேயே செருகிப் பார்த்துவிட்டு காசு கொடுங்கள்.

சரி, சத்தம். ஒரு நாள் வந்து ஒரு நாள் வராததற்குக் காரணம் அனேகமாக இதுதான்: விஜிஏ கேபிள் சத்தத்தைக் கொண்டுபோகாது, எச்டிஎம்ஐ கொண்டுபோகும். எச்டிஎம்ஐயைக் கொழுவின உடனே லேப்டொப் "சத்தத்தையும் அங்கேயே அனுப்புகிறேன்" என்று முடிவெடுத்துவிடும். சத்தம் கூரையில் தொங்கும் மல்டிமீடியாவின் வயிற்றுக்குள் இருக்கும் தீப்பெட்டி அளவு ஸ்பீக்கருக்குப் போகும், இல்லையென்றால் எங்கேயும் போகாது. நீங்கள் செருகிவைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கர் சும்மா கிடக்கும். திரையின் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, எந்த வழியாகச் சத்தம் போக வேண்டும் என்று மாற்றிவிடுங்கள். வீடியோ தொடங்கிய பிறகு தேடாமல், பிள்ளைகள் உள்ளே வரும்போதே ஒரு செக்கன் ஏதாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

ஸ்பீக்கரில் ஓயாமல் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வந்தால் லேப்டொப்பின் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால், வெவ்வேறு பிளக்கில் இருந்து வரும் புவித்தொடுப்பு (எர்த்) இரண்டும் சத்த வயர் வழியாகச் சந்தித்துக்கொள்கின்றன. எங்கள் 50 ஹேர்ட்ஸ் கரண்ட்தான் அப்படிப் பாடுகிறது. லேப்டொப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளக் பலகையில் கொழுவினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் பற்றரியில் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சார்ஜ் போடுங்கள். சார்ஜரின் புவி ஊசியை உடைத்துவிடச் சொல்லும் கெட்டிக்காரர் ஒருவர் எங்கேயும் இருப்பார். கேட்காதீர்கள், அது உயிரோடு விளையாட்டு.

மைக் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் 120 பேருக்கு மைக் இல்லாமல் இரண்டு மணித்தியாலம் கத்தினால் மூன்றாம் வாரம் தொண்டை போய்விடும். கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன் கேட்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? தோணியில் இருந்து துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதோடு ஒட்டிவைப்பார்கள். காதைத் துடுப்பிலிருந்து ஒரு சாண் எடுத்தால் பாட்டும் இல்லை, மீனும் இல்லை. மைக்குக்கும் அந்தக் கிட்டம் வேண்டும். வாயிலிருந்து தூரம் இரட்டித்தால் மைக்குக்கு வந்து சேரும் ஒலியின் வலு கால்வாசியாகிவிடும். ஆட்கள் மைக்கை நெஞ்சுக்கு நேரே, ஏதோ மெழுகுதிரி பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, "சத்தம் போதாது, கூட்டுங்கோ" என்பார்கள். கூட்டினால் ஸ்பீக்கரில் இருந்து வரும் சத்தத்தையே மைக் திரும்பக் கேட்டு, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், வட்டமாகச் சுற்றி "கூஊஊ" என்று கத்தும். நான்கு விரல் அகலத்தில், நாடிக்குச் சற்றுக் கீழே பிடித்து, சத்தத்தைக் குறைத்துவையுங்கள். அவ்வளவுதான். கத்தும்போது மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்துவது எல்லாரும் செய்கிற பிழை. பொத்தினால் அது இன்னும் கத்தும். ஸ்பீக்கர் பெட்டிகள் உங்களுக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்து இருக்க வேண்டும். பேசிக்கொண்டே பெட்டிக்கு முன்னால் நடந்தீர்கள் என்றால் அது கத்தத்தான் செய்யும்.

உடுப்பில் குத்தும் சின்ன மைக் தந்தால், சேலை கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: முந்தானை மடிப்பில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். தோளில் பின் குத்தி இறுக்கிய இடத்துக்குக் கீழே குத்துங்கள், மைக்கோடு வரும் குட்டிப் பெட்டியை இடுப்பு நாடாவில் மாட்டுங்கள். ஹிஜாப் அணிபவர்கள் மைக்கைத் துணிக்கு உள்ளே விடாமல் வெளியே குத்த வேண்டும். ஒலுவில் பக்கம் ஒரு விரிவுரையாளர் பருவம் முழுவதும் "மைக் மந்தம்" என்று முறையிட்டார். வெளியே எடுத்துக் குத்தியதோடு தீர்ந்தது.

இப்போது கடைசி வாங்கு. பழைய கணக்கு ஒன்று உண்டு: திரையில் விழும் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரைக்கும் எழுத்தை வசதியாகப் படிக்கலாம், எட்டு மடங்குக்கு மேல் போனால் படம் தெரியும், எழுத்துத் தெரியாது. உங்கள் திரையில் படம் ஒன்றரை மீற்றர் உயரம் என்று வையுங்கள். ஆறு மடங்கு 9 மீற்றர், எட்டு மடங்கு 12 மீற்றர். 120 பேர் மண்டபத்தில் கடைசி வாங்கு கிட்டத்தட்ட அந்த 12 இல்தான் இருக்கும். அங்கே இருப்பவன் எல்லையில் இருக்கிறான். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சாதாரண 15 அங்குல லேப்டொப்பின் திரை உயரம் 19 சென்ரிமீற்றர் அளவு. எட்டு மடங்கு ஒன்றரை மீற்றர். ஸ்லைட்டை முழுத்திரையில் போட்டுவிட்டு ஒன்றரை மீற்றர் பின்னால் போய் நில்லுங்கள். அங்கிருந்து கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் கடைசி வாங்கும் படிக்கும்.

தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 24 அளவில் தப்பிக்கும் எழுத்து தமிழில் தப்பாது. தூரத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. பிறகு ன, ண இரண்டும் ஒன்றாகும். உகரம் எது, ஊகாரம் எது என்று தெரியாது. 32க்குக் கீழே போகாதீர்கள், வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்துருக்களைக் கல்யாண அழைப்பிதழுக்கு விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் ஒரு ஸ்லைட்டில் ஆறு வரிக்கு மேல் கொள்ளாதே என்பீர்கள். நல்லது. மிச்சத்தை நீங்கள் வாயால் சொல்வதற்குத்தான் சம்பளம்.

தமிழ் எழுத்து என்றதும் பாமினி என்ற பழைய எழுத்துருவைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் நாட்டில் பழைய குறிப்புகள், வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் கிடக்கின்றன. அது எந்தக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் முறை இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். ஒரு முறை வெளியூரில் இருந்து பெரிய பேராசிரியர் ஒருவர் சிறப்புரைக்கு வந்தார். தன் லேப்டொப்பைக் கொண்டுவராமல் பென்டிரைவ் மட்டும் கொண்டுவந்தார். முதல் ஸ்லைட்டைத் திறந்தால் இரண்டடி உயரத்துக்கு இந்த அரைப்புள்ளிப் பாட்டு. மண்டபம் நிறைந்த சனம். மனுசன் ஒரு செக்கன் திரையைப் பார்த்தார், பிறகு மல்டிமீடியாவை நிறுத்தச் சொல்லிவிட்டு வெண்கட்டியைக் கேட்டார். அன்றைக்கு அவர் பேசியது போல ஒரு விரிவுரை நான் பிறகு கேட்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் அந்த வாய் இருக்காது. பழைய குறிப்பை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் தளங்கள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை பாருங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறியிருக்கும். விண்டோஸ் கணினிகளில் நிர்மலா என்ற எழுத்துரு கூடவே வரும், அதில் அமைத்துக்கொண்டால் எங்கேயும் திறக்கும். எதற்கும் ஒரு பிடிஎஃப் பிரதியும் பென்டிரைவில் இருக்கட்டும்.

வெளிச்சம். மல்டிமீடியாவால் கறுப்பை எறிய முடியாது. திரையில் நீங்கள் கறுப்பாகப் பார்ப்பது ஒளி விழாத இடம், அவ்வளவுதான். காலை 8 மணிக்குக் கிழக்கு யன்னலால் கடற்கரை வெயில் வந்து திரையில் விழுந்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும், கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்று நீங்கள் அழகு பார்த்ததெல்லாம் கரைந்துவிடும். வெளிச்சமான மண்டபத்துக்கு வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்துத்தான் பாதுகாப்பு. திரைக்கு நேர் மேலே உள்ள ரியூப் லைட்டை மட்டும் நிறுத்துங்கள், பிள்ளைகளுக்கு மேலே இருப்பதை விடுங்கள். முழு இருட்டாக்கினால் குறிப்பெடுக்க முடியாது, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணி வகுப்பென்றால் மின்விசிறிக் காற்றில் பாதிப்பேர் நித்திரை. எல்லாச் சுவிட்சும் ஒரே பலகையில் பெயரில்லாமல் இருந்தால், எது எந்த லைட் என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவரும் கும்பிடுவார்.

மின்விசிறி பற்றியும். கூரை மல்டிமீடியாவுக்கும் திரைக்கும் நடுவில் விசிறி தொங்கும் மண்டபங்கள் இரண்டு மூன்று எனக்குத் தெரியும். கட்டியவருக்கு ஒரு திட்டம், மாட்டியவருக்கு வேறு திட்டம். படத்தில் இறக்கை வெட்டி வெட்டி ஓடும். விசிறியை நிறுத்தினால் ஓகஸ்ட் வெக்கையில் நடு வரிசைப் பிள்ளைகள் அவிந்துபோவார்கள். இதற்கு ரிமோட்டில் மருந்து இல்லை. தொங்கும் கம்பியைக் குறைக்கச் சொல்லி அல்லது மல்டிமீடியாவை முன்னுக்கு நகர்த்தச் சொல்லி பீடத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

வெள்ளைப் பலகையிலேயே படத்தை விழுத்துவது எனக்குப் பிடிக்காது. பலகையின் வழவழப்பில் மல்டிமீடியாவின் வெளிச்சம் ஒரு குட்டிச் சூரியன் போலத் தெறித்து ஒரு பக்கத்தார் கண்ணில் குத்தும். திரையை ஒரு ஓரமாக இறக்கி, பலகையில் பாதியாவது எழுதுவதற்கு விட்டுவையுங்கள். சமன்பாடு நிறுவுவது, சொல்லைப் பிரித்துக் காட்டுவது போன்றவை கையால் எழுதும் வேகத்தில் போனால்தான் பிள்ளைக்குப் பிடிபடும். பேச வேண்டிய இடத்தில் திரை வேண்டாம் என்றால், ஸ்லைட் ஓடும்போது பி (B) விசையைத் தட்டுங்கள். திரை கறுப்பாகும், எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் விட்ட இடம் வரும். மல்டிமீடியாவை நிறுத்தி நிறுத்திப் போடத் தேவையில்லை. மற்றது, தவறுதலாக அழியாத மார்க்கரால் எழுதிவிட்டால் அதன் மேலேயே வெள்ளைப் பலகை மார்க்கரால் கிறுக்கிவிட்டு ஈரம் காயும் முன் துடையுங்கள், போய்விடும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய வருத்தங்கள் சிலவும் உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் தூசி மல்டிமீடியாவின் காற்று வடிகட்டியை அடைத்துவிடும்; சூடேறிப் பாதி வகுப்பில் தானாக நின்றால் முதல் சந்தேகம் அந்த வடிகட்டிதான். வாடைக் காலத்தில் ஈரம். மூன்று மாதம் பூட்டிக் கிடந்த மண்டபத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடித்து, படம் பனி மூடியது போல வந்ததைப் பார்த்திருக்கிறேன். விடுமுறையிலும் கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் எரியவிட்டால் அந்தச் சூட்டிலேயே ஈரம் போகும். இன்னொரு மண்டபத்தில் படத்தின் ஓரத்தில் நாலு காலும் வாலுமாக ஒரு நிழல் ஊர்ந்தது. பிள்ளைகள் சிரிக்க, விரிவுரையாளர் ஸ்லைட்டில் ஏதோ பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தேடினார். சூட்டுக்கு வந்த பல்லி. மூடியைக் கழற்றினபோது உள்ளே முட்டை ஓடும் இருந்தது.

கரண்ட் போவதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் படிப்பித்தவர்களுக்கு ஒரு பழக்கம் வந்தது: எந்தப் பாடத்துக்கும் ஒரு கடதாசியில் ஐந்து தலைப்பு, இரண்டு படம், மூன்று கேள்வி எழுதி வைத்திருப்பார்கள். கரண்ட் போனால் அந்தக் கடதாசியோடு பாடம் ஓடும். இப்போதும் அதை விடாதீர்கள். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னல் தொடங்கினால், நிறுத்துவது மட்டும் போதாது. மல்டிமீடியாவின் பிளக்கையும் லேப்டொப்பின் வலையமைப்பு வயரையும் கழற்றிவிடுங்கள். வயர் வழியாக வந்த மின்னலில் ஒரே பின்னேரத்தில் மூன்று மல்டிமீடியாவைப் பறிகொடுத்த மண்டபத் தொகுதி ஒன்று இருக்கிறது. கரண்ட் வந்த உடனேயும் போடாதீர்கள், ஐந்து நிமிடம் நிலைபெறட்டும்.

வீடியோ காட்டுவதென்றால் இணையத்தை நம்பாமல் முன்பே இறக்கிவைத்து, ஸ்லைட் கோப்பும் வீடியோவும் ஒரே கோப்புறையில் இருக்கும்படி கொண்டுவாருங்கள். மண்டபத்தில் இருப்பவர்களுக்கும் சூமில் இருப்பவர்களுக்கும் சேர்த்து நடத்த வேண்டி வந்தால் ஒரே ஒரு கருவியில்தான் மைக்கும் ஸ்பீக்கரும் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் வாங்கில் இருந்துகொண்டே போனிலும் சேர்ந்து சத்தத்தைத் திறந்தால், மேலே சொன்ன "கூஊஊ" மறுபடி வரும்.

கடைசியாகக் கேட்டது சொந்தப் புரொஜெக்டர். வாங்க வேண்டாம். கையடக்கமாக, மலிவாக வரும் பெட்டிகளின் மேல் எத்தனை ஆயிரம் லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சடித்திருந்தாலும், முறையாக அளந்தால் நூறு இருநூறுக்கு மேல் பல தேறாது. இருட்டறையில் படம் பார்க்கச் சரி. 120 பேர் மண்டபத்துக்குக் குறைந்தது 4000 லூமென் வேண்டும். புதிதாக வரும் 86 அங்குலத் தொடுதிரையும் அப்படித்தான்: அதன் உயரம் 1 மீற்றரும் கொஞ்சமும், ஆறு மடங்கு போட்டால் ஆறரை மீற்றர். 40 பேர் வகுப்புக்கு அருமை, உங்கள் மண்டபத்தில் பாதிப்பேருக்குக் கானல் நீர்.

அந்தக் காசில் ஒரு பகுதி போதும். ஐந்து மீற்றர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, விஜிஏ மாற்றி ஒன்று, இரண்டு பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று, நான்கு பற்றரி, ஸ்லைட் மாற்றும் கிளிக்கர். எல்லாவற்றிலும் உங்கள் பெயரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி ஒரு பையில் போடுங்கள். கிளிக்கரோடு வரும், யுஎஸ்பி வாசலில் செருகும் குட்டிக் குமிழை வகுப்பு முடிந்ததும் லேப்டொப்பில் இருந்து கழற்றிக் கிளிக்கரின் வயிற்றுக்குள்ளேயே செருகிவிட மறக்காதீர்கள். நான் மண்டபம் கூட்டும்போது கண்டெடுத்த குமிழ்களே ஒரு சிரட்டை நிறைய இருக்கின்றன, ஒன்றுக்கும் கிளிக்கர் இல்லை.